காரமான மெக்சிகன் சாப்பாட்டோடு ஒயின் ஒத்துவரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஹூஸ்டனில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி என்றால் டாக்கோதான், அதாவது சோள ரொட்டியில் இறைச்சியோ மீனோ வைத்து மடித்த மெக்சிகன் பண்டம். தோசைக்கல்லில் மிளகாய் வறுபடும் நெடி மாடிவரைக்கும் ஏறும். வருகிறவர்கள் ஆளுக்கொரு ஒயின் பாட்டிலோடு வருவார்கள். சாப்பிட ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகாது, யாராவது ஒருவர் முகத்தைச் சுளிப்பார். "என்ன அத்தான், ஒயின் இப்படிக் கசக்குது? நாற்பது டாலர் கொடுத்து வாங்கினேன்" என்பான் என் மச்சினன். இதே ஏழெட்டுப் புகார்களை வெவ்வேறு வாயிலிருந்து பல வருடமாகக் கேட்டதில், எந்தப் புகாருக்கு எதை முதலில் பார்ப்பது என்று ஒரு வரிசை கைக்குப் பழகிவிட்டது. அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். புது பாட்டில் வாங்குவது கடைசியில்தான். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட புகார்கள் ஃபிரிட்ஜிலும் சல்சா என்ற மிளகாய்த் துவையல் கிண்ணத்திலுமே முடிந்துவிடுகின்றன.

## எதற்கும் முன்னால் இரண்டு நிமிடச் சோதனை

ஒயினை மட்டும் ஒரு மடக்கு குடியுங்கள். தண்ணீர் குடித்து வாயைக் கழுவிக்கொண்டு, சல்சாவை மட்டும் ஒரு சிப்ஸில் தொட்டுச் சாப்பிடுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

- ஒயின் தனியாகவே சரியில்லை என்றால் நேராக "அறிகுறி 7"-க்குப் போங்கள்.
- சல்சா தனியாகவே கசக்கிறது என்றால் ஒயின் மேல் தப்பில்லை. "அறிகுறி 2"-இல் கருகிய மிளகாய் பற்றிய பகுதியைப் பாருங்கள்.
- தனித்தனியாக இரண்டும் நன்றாக இருந்து, சேரும்போது மட்டும் சண்டை என்றால் வரிசையாகப் படியுங்கள்.

இன்னொன்று. லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஆல்கஹால் சதவீதம் இருக்கும். அந்த எண்ணை முதலில் பாருங்கள். திராட்சையின் பெயர், ஊர், விருது ஸ்டிக்கர் எல்லாவற்றையும்விடக் காரச் சாப்பாட்டுக்கு அந்த எண்தான் உதவும். ஆனால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 14 சதவீதமும் அதற்குக் கீழேயும் உள்ள ஒயின்களுக்கு ஒன்றரை சதவீதம் முன்னே பின்னே இருக்கச் சட்டமே இடம் தருகிறது. 12.5 என்று அச்சிட்ட பாட்டிலில் 14 வரை இருக்கலாம்.

## அறிகுறி 1: வாய் எரிகிறது, ஒயின் குடித்தால் இன்னும் எரிகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான்.

### ஒயின் வெதுவெதுப்பாக இருக்கிறதா?

பாட்டிலின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சில்லென்று படவில்லையென்றால் முதல் குற்றவாளி கிடைத்துவிட்டது. "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்" என்பது குளிரான ஐரோப்பிய வீடுகளில் பிறந்த வழக்கம். அங்கே அறை வெப்பம் என்றால் 16, 18 டிகிரி. ஏசி ஓடும் டெக்சாஸ் வீட்டில் அது 24, 25. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், அப்புறம் தொண்டையைச் சுடும்.

செய்ய வேண்டியது: ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. பாட்டிலைக் கழுத்துவரை முக்கி வையுங்கள். 15, 20 நிமிடத்தில் வெள்ளை ஒயின் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் ஊற்றாமல் ஐஸை மட்டும் கொட்டி வைத்தால் இடையிடையே காற்று நின்று பாட்டில் மெதுவாகத்தான் குளிரும். சிவப்பு ஒயினென்றால் ஃபிரிட்ஜில் அரை மணி, முக்கால் மணி போதும். ஃப்ரீசரில் வைப்பதானால் போனில் அலாரம் வைத்துவிட்டு வையுங்கள். மறந்து தூங்கிப்போய் காலையில் கார்க் துருத்திக்கொண்டு நின்ற பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன். குமிழி ஒயினை ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், வெடித்துவிடும்.

குளிரவைத்ததும் எரிச்சல் அடங்கினால் இங்கேயே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

### காரம் இறைச்சியிலா, கிண்ணத்திலா?

காரம் சல்சாவில் மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. டாக்கோ மேல் நீங்களே ஊற்றாமல் கிண்ணத்தோடு மேசையில் வையுங்கள். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார். காரம் இறைச்சியிலேயே ஊறியிருந்தால் பக்கத்தில் கொழுப்புள்ளதாக ஏதாவது வேண்டும். அவகாடோ, புளித்த கிரீம், உதிர்த்த வெள்ளைச் சீஸ், எது கிடைத்தாலும் சரி. மிளகாயின் காரச்சத்து கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. ஜக்கு ஜக்காகத் தண்ணீர் குடித்தும் எரிச்சல் போகாததற்குக் காரணம் அதுதான்.

அடுத்த முறை சமைக்கும்போது மிளகாயைப் பிளந்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டைச் சுரண்டி எடுங்கள். விதையில்தான் காரம் என்று பலரும் நினைக்கிறார்கள். விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைச் சதையில்தான் காரம் குடியிருக்கிறது.

"நாம மிளகாயிலேயே வளர்ந்தவங்க" என்கிற பேச்சு நம் ஆட்களிடம் எப்போதும் வரும். ஹலபீனோ மிளகாய், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 2,500-லிருந்து 8,000 வரை போகும். செரானோ 10,000-லிருந்து 23,000 வரை. ஹபனேரோவோ ஒரு லட்சத்தில் தொடங்கி மூன்றரை லட்சம்வரை ஏறும். கடையில் பார்த்தால் சின்ன ஆரஞ்சுக் குடைமிளகாய் மாதிரி அழகாக இருக்கும். ஏமாறாதீர்கள்.

### லேபிள் எண் 14-க்கு மேலா?

கலிஃபோர்னியா ஜின்ஃபண்டெல் 15-ஐத் தொடும். அர்ஜென்டினா மால்பெக்கும் நாப்பா கேபர்னேயும் 14-க்கு மேல் சாதாரணமாகப் போகும். மிளகாய் கிளப்பிவிடுகிற அதே எரிச்சலை ஆல்கஹாலும் கிளப்பும். இரண்டும் சேர்ந்தால் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிய கதை. காரம் உள்ள மேசைக்கு 12-க்குக் கீழே இருப்பதைத் தேடுங்கள். போர்ச்சுகலின் வின்யோ வெர்தே பெரும்பாலும் 9-லிருந்து 11.5-க்குள் இருக்கும். விலையும் கையைக் கடிக்காது.

எண் பெரிய பாட்டிலைத் திறந்தே தொலைத்துவிட்டீர்களா? பாதி சிவப்பு ஒயின், பாதி லெமன் சோடா, நிறைய ஐஸ், ஒரு ஆரஞ்சு வில்லை. ஸ்பெயினில் கோடைக்காலத்தில் எல்லாரும் குடிப்பதுதான் இது. பெயர் தின்தோ தெ வெரானோ. 14 சதவீதம் 7 ஆகிவிடும், கொஞ்சம் இனிப்பும் சேர்ந்துவிடும். நல்ல ஒயினைப் பாழாக்குவதாக யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

### ஒயின் முழுக்க டிரையா (இனிப்பே இல்லாததா)?

குளிர் ஏற்றியாச்சு, எண்ணும் சின்னது, ஆனாலும் எரிகிறது என்றால் ஒயினில் இனிப்பு போதவில்லை. லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் வாங்குங்கள். ஜெர்மனியின் மோசல் பகுதிக் கேபினெட் வகை எனக்குப் பழகின மருந்து. 8, 9 சதவீதம்தான் இருக்கும், இனிப்பு இருக்கும், திகட்டாத அளவுக்குப் புளிப்பும் கூடவே இருக்கும். ஜெர்மன் லேபிளைப் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் சொல்லிவிடும்: 8, 9 என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது, 12-க்கு மேல் என்றால் அநேகமாக டிரை. "ட்ரோக்கன்" என்ற சொல்லைப் பார்த்தால் அந்த பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள், அதற்கு டிரை என்று அர்த்தம். சில ரீஸ்லிங் பாட்டில்களின் பின்பக்கம் டிரையிலிருந்து இனிப்புவரை ஒரு கோடு போட்டு அம்புக்குறி வைத்திருப்பார்கள். அது இரண்டாவது கட்டத்தில் நின்றால் டாக்கோவுக்குச் சரி, மூன்றாவதில் நின்றால் இன்னும் காரமானதற்குச் சரி.

கெவுர்ஸ்ட்ரமினர் என்ற பெயரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரோஜாவும் லிச்சியும் மணக்கும் ஒயின், மணம் அருமை. ஆனால் அதில் ஆல்கஹால் பல சமயம் 13.5, 14 என்று இருக்கும், புளிப்பும் குறைவு. காரத்துக்கு நான் அதை எடுப்பதில்லை.

ரோஸ் நிற ஒயிட் ஜின்ஃபண்டெலைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. 1970-களில் நாப்பாவில் ஒரு ஒயினாலையில் நொதித்தல் பாதியில் நின்று, சர்க்கரை தங்கிப்போனதில் கிடைத்த பாணி அது. இனிப்பு, 10-ஐ ஒட்டிய ஆல்கஹால், மலிவு விலை. காரமான கோழி என்சிலாடாவோடு (மிளகாய் சாஸ் ஊற்றிய ரொட்டிச் சுருள்) ஐஸ் குளிரில் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கேலி பண்ணுங்கள்.

### குமிழியுள்ள ஒயினா?

குமிழியே நாக்கைக் குத்தும். காரம் குறைவென்றால் அந்தக் குத்தல் சுகம், காரம் அதிகமென்றால் ஊசி. மிதமான காரத்தோடு பொரித்த பண்டங்களுக்குக் குமிழியை வைத்துக்கொள்ளுங்கள்.

### எப்போது கைவிடுவது

மெக்சிகோவின் யுகட்டான் பக்கத்து ஹபனேரோ சல்சாவுக்கு ஒயின் தேடிப் பல சனிக்கிழமைகளை வீணாக்கியிருக்கிறேன். ஒயினின் ருசியே தெரியாத அளவுக்கு நாக்கு மரத்துப்போன பிறகு எந்த பாட்டில் இருந்தால் என்ன? மெக்சிகோவிலேயே இந்த மாதிரிச் சாப்பாட்டோடு பியரோ, அரிசியை ஊறவைத்து அரைத்துப் பட்டை சேர்த்த ஓர்ச்சாத்தாவோ, செம்பருத்தி இனத்துப் பூவைக் கொதிக்கவைத்த சிவப்புச் சர்பத்தோதான் வைப்பார்கள். ஒயினைச் சாப்பாட்டுக்கு முன்னால் சிப்ஸோடு முடித்துவிடுங்கள்.

## அறிகுறி 2: சிவப்பு ஒயின் கசக்கிறது, நாக்கு வறண்டு பிடிக்கிறது

### மிளகாய் கருகிவிட்டதா?

முதல் சோதனையில் சல்சா தனியாகவே கசந்திருந்தால் இதுதான். ஆஞ்சோ, குவாஹியோ மாதிரிக் காய்ந்த மிளகாயைக் காம்பும் விதையும் நீக்கி, காய்ந்த தோசைக்கல்லில் போட்டுக் கரண்டியால் அழுத்த வேண்டும். ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள்தான். தோல் லேசாக நிறம் மாறிக் கொப்பளித்து மணம் வந்ததும் திருப்பிவிட வேண்டும். நம் வீட்டில் சாம்பார்ப் பொடிக்கு வறுக்கிற பழக்கத்தில் ஒரு நிமிடம் கூட நின்றால் தோல் கறுத்து, சல்சா முழுக்கக் கசப்பு இறங்கிவிடும். அதை எந்த ஒயினாலும் சரிக்கட்ட முடியாது. மிளகாயை ஊறவைத்த தண்ணீரையும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அரைக்கச் சேருங்கள். கசந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

### உப்பு குறைவா?

சல்சாவில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் எலுமிச்சையும் சேர்த்துவிட்டு மறுபடி ஒயினைக் குடியுங்கள். நம்ப முடியாத அளவுக்குக் கசப்பு தணியும். மச்சினனின் நாற்பது டாலர் பாட்டில் ஒருமுறை இப்படித்தான் பிழைத்தது. மாட்டிறைச்சித் துண்டில் எலுமிச்சை பிழிந்து, மேலே கல் உப்பை நசுக்கித் தூவி, "இப்ப குடி" என்றேன். குடித்தவன் கிளாஸைத் தூக்கி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான், நான் பாட்டிலை மாற்றிவிட்டேனோ என்று.

### துவர்ப்பான ஒயினா?

கட்டித் தேநீர் குடித்ததுபோல் ஈறு இழுத்துப் பிடித்தால் அது டானின், அதாவது திராட்சைத் தோலும் விதையும் தரும் துவர்ப்பு. கேபர்னே, நெபியோலோ, இளசான மால்பெக் எல்லாம் இந்த ரகம். மிளகாய் துவர்ப்பையும் கூட்டிக் காட்டும். மாற்றாகக் கமே திராட்சையில் செய்த போஜொலே வாங்கி, 13 டிகிரிக்குக் குளிரவைத்துக் குடியுங்கள். பிர்ரியா (மிளகாய்ச் சாற்றில் வேகவைத்த இறைச்சி), கார்னே அசாடா (தணலில் சுட்ட மாட்டிறைச்சி) இரண்டுக்கும் எனக்கு இதுதான்.

### ஓக் வாசனை தூக்கலா?

வெனிலா, தேங்காய், வறுத்த காப்பி மாதிரி மணந்தால் ஒயின் புது ஓக் பீப்பாயில் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்போட்லே என்பது புகையில் காயவைத்த பழுத்த ஹலபீனோ. புகையும் பீப்பாயும் சேர்ந்தால் வாயில் சாம்பல் கசப்பு தங்கும். ஓக் படாத ஒயின் வேண்டும். பின்லேபிளில் பீப்பாயைப் பற்றிப் பெருமை பேசியிருந்தால் தள்ளி வையுங்கள். வெண்ணெய் மணக்கும் கலிஃபோர்னியா சார்டனேக்கும் இதே கதைதான்.

## அறிகுறி 3: ஒயின் சப்பென்று, தண்ணீர் மாதிரி இருக்கிறது

முதலில் சாப்பாடு இல்லாமல் குடித்துப் பாருங்கள். தனியாகவும் சப்பென்று இருந்தால் இரண்டு காரணம். ஒன்று, ஃபிரிட்ஜின் ஆழத்திலிருந்து இப்போதுதான் எடுத்திருக்கிறீர்கள். பத்து நிமிடம் வெளியே வைத்தால் மணம் எழும். இரண்டு, போன வாரம் திறந்த பாட்டில். திறந்து மூன்று நாளுக்கு மேல் ஆனதைச் சமையலுக்கு ஊற்றிவிடுங்கள்.

தனியாக நன்றாக இருந்து சாப்பாட்டோடு மட்டும் செத்துப்போனால் எலுமிச்சைதான் காரணம். இதைச் சோதிப்பது சுலபம்: ஒரு மடக்கு ஒயின், உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டை ஒரு நக்கு, மறுபடி ஒரு மடக்கு. புளிப்புள்ள ஒயின் இரண்டாம் முறை இன்னும் இதமாக, பழச்சுவையோடு வரும். புளிப்பு இல்லாத ஒயின் பச்சைத் தண்ணீராகிவிடும்.

செவிச்சே (எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன்), சினலோவா மாநிலத்து அகுவாச்சிலே (எலுமிச்சையும் மிளகாயும் அரைத்த சாற்றில் முக்கிய பச்சை இறால்), டொமட்டீயோ (பச்சைத் தக்காளி மாதிரிப் புளிப்புக் காய்) சல்சா, இதற்கெல்லாம் சாப்பாட்டிடம் புளிப்பில் தோற்காத ஒயின் வேண்டும். ஸ்பெயினின் ரீயஸ் பைஷஸ் பகுதி அல்பரீன்யோ, நியூசிலாந்து மார்ல்பரோவின் சோவின்யோன் பிளாங்க், வின்யோ வெர்தே மூன்றும் கைவிடாது. கொத்தமல்லித்தழை நிறைய போட்ட சல்சா என்றால் நான் சோவின்யோன் பிளாங்க் பக்கம்தான். அதிலேயே ஒரு பச்சை இலை வாசனை இருக்கும், கொத்தமல்லியோடு கைகோத்துக்கொள்ளும்.

## அறிகுறி 4: நல்ல ஒயின் திடீரென்று புளிக்கிறது

சாப்பாட்டில் இனிப்பு இருக்கிறது. லட்டு தின்றுவிட்டு மோர் குடித்தால் எப்படிப் புளிக்குமோ அதே சங்கதிதான். சாப்பாட்டைவிட ஒயின் கொஞ்சமாவது இனிப்பாக இருக்க வேண்டும், குறைந்தது சமமாகவாவது.

இனிப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்: அல் பாஸ்தோர் என்ற பன்றி இறைச்சி டாக்கோவில் அன்னாசி, கடையில் வாங்கும் சிவப்பு என்சிலாடா சாஸ், மாம்பழ சல்சா, சோளம். பாட்டில் சாஸின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். தேவையில்லாமல் இனித்தால் எலுமிச்சை பிழிந்து சமன்செய்யலாம், செலவில்லை.

மோலே என்ற மிளகாய்க் குழம்பு வேறு விஷயம். அதில் இனிப்பைக் குறைக்கக் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா மெக்சிகோவின் புவெப்லாக்காரர். ஆஞ்சோ, முலாத்தோ, பசீயா மூன்று மிளகாயையும் வறுத்து, எள், நிலக்கடலை, உலர் திராட்சை, பொரித்த நேந்திரம் மாதிரி வாழைப்பழம், பட்டை, கிராம்பு எல்லாம் அரைத்து, கடைசியில்தான் சாக்லேட் துண்டைப் போடுவார். வெளியே பலரும் நினைப்பதுபோல் அது சாக்லேட் சாஸ் இல்லை. ஏறக்குறைய நம் ஊர் வறுத்தரைத்த குழம்பின் தூரத்து உறவு என்றுதான் எனக்குத் தோன்றும். அவர் முதல்முறை கொடுத்தனுப்பிய மோலேக்கு நான் டிரையான வெள்ளை ஒயின் திறந்தேன். எலுமிச்சைத் தண்ணீர் குடித்ததுபோல் பல் கூசியது.

மோலேக்கு எனக்கு ஒத்துவந்தது இத்தாலியின் எமிலியா ரொமான்யா பகுதி லாம்ப்ருஸ்கோ. குமிழியிடும் சிவப்பு ஒயின், குளிரவைத்துக் குடிப்பது. லேபிளில் "செக்கோ" என்றால் டிரை, "அமாபிலே" என்றால் மிதமான இனிப்பு. மோலேக்கு அமாபிலே. அடுத்த இடம் பழச்சுவை நிறைந்த ஜின்ஃபண்டெலுக்கு. மேலே அதைத் திட்டினேன், உண்மைதான். ஆனால் மோலே பொப்லானோ, அதாவது இந்தப் புவெப்லா மோலே, அவ்வளவாகக் காரமில்லை, அதனால் அந்த 15 சதவீதம் இங்கே பொறுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும், கொஞ்சம் குளிரவைத்தால்.

## அறிகுறி 5: மீன் டாக்கோவோடு இரும்பு வாடை

சிவப்பு ஒயின் குடித்தீர்களா? அதுதான். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு சேர்ந்து அந்த நாற்றத்தைக் கிளப்புகிறது. வெள்ளை ஒயினுக்கு மாறுங்கள், வேறு பரிகாரம் தேட வேண்டாம். என்செனாடா பாணியில் மாவில் தோய்த்துப் பொரித்து, முட்டைக்கோசும் கிரீமும் வைத்த மீன் டாக்கோ என்றால் புருட் வகை (இனிப்பு குறைந்த) குமிழி ஒயின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடும். வெள்ளை ஒயினோடும் வாடை வந்தால் மீனை முகர்ந்து பாருங்கள்.

## அறிகுறி 6: "டிரை" என்று வாங்கினேன், இனிக்கிறது, அல்லது இனிப்பு திகட்டுகிறது

குமிழி ஒயின் லேபிள்கள் நம்மைக் குழப்பவே எழுதப்பட்டவை. லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள் இருந்தால் புருட். 12-லிருந்து 17 வரை எக்ஸ்ட்ரா டிரை. 17-லிருந்து 32 வரை டிரை. 32-லிருந்து 50 வரை டெமி செக். அதாவது "எக்ஸ்ட்ரா டிரை" புரொசெக்கோ புருட்டைவிட இனிப்பு, "டிரை" அதைவிடவும் இனிப்பு. காரச் சாப்பாட்டுக்கு இந்தக் குழப்பம் நமக்குச் சாதகம்தான்: எக்ஸ்ட்ரா டிரையை எடுங்கள்.

திகட்டுவதானால் முதலில் குளிரைக் கூட்டுங்கள், இனிப்பு அடங்கித் தெரியும். அதற்கும் மசியாவிட்டால் சாப்பாட்டில் காரமே இல்லை என்று அர்த்தம். சீஸ் நாச்சோவுக்கு மொஸ்காட்டோ தாஸ்தி திறந்தால் திகட்டத்தான் செய்யும். 5 சதவீதத்தை ஒட்டிய அந்த ஒயின் வாய் கொளுத்துகிறவனுக்கு, இல்லையா சாப்பாட்டுக்கப்புறம் பழத்துக்கு.

## அறிகுறி 7: ஒயின் தனியாகவே சரியில்லை

இங்கே மூக்குதான் கருவி.

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரத்துணி வாடை: கார்க்கில் வந்த கோளாறு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் திருத்த வழியும் இல்லை. காற்றுப் பட்டால் இன்னும் மோசமாகும். பாட்டிலில் ஒயின் நிறைய மிச்சமிருக்கும்போதே மூடி, ரசீதோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

அழுகிய முட்டை, தீக்குச்சி வாடை: பயப்படாதீர்கள். ஒரு ஜக்கில் ஊற்றி நன்றாக ஆற்றுங்கள், காப்பி ஆற்றுகிற மாதிரி. பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் போய்விடும்.

அடிபட்ட ஆப்பிள் வாடை, வெள்ளை ஒயின் பழுப்பாகியிருக்கிறது: காற்று உள்ளே போய்விட்டது. இனி அது தேறாது.

கார்க் துருத்தியிருக்கிறது, கழுத்தோரம் ஒழுகிய கறை: எங்கேயோ வெயிலில் வெந்திருக்கிறது. டெக்சாஸில் ஆகஸ்ட் மாதம் காரில் பாட்டிலை விட்டுவிட்டு இன்னொரு கடைக்குப் போனால் நாமே செய்கிற கோளாறு இது. ஒயினைக் கடைசியில் வாங்குங்கள், டிக்கியில் வைக்காதீர்கள்.

## அறிகுறி 8: மேசையில் பத்து பண்டம், எதற்கும் எதுவும் சேரவில்லை

விருந்தில் பண்டத்துக்கு ஒன்றாக ஒயின் தேடாதீர்கள். மேசையிலேயே காரமானது எதுவோ அதற்கு மட்டும் வாங்குங்கள், மற்றவை தானாக அடங்கும். எங்கள் வீட்டுக் கணக்கு: ஆறு பேருக்கு லேசான இனிப்பு ரீஸ்லிங் இரண்டு, குளிர்ந்த போஜொலே ஒன்று, வாளி நிறைய ஐஸ். இறைச்சி இல்லாத மேசை என்றால் போஜொலேக்குப் பதில் டிரை ரோசே.

"மெக்சிகோ சாப்பாட்டுக்கு மெக்சிகோ ஒயின்" என்று யாராவது கேட்டால் தாராளமாகத் தேடலாம். கொவாவீலா மாநிலத்துப் பர்ராஸில் இருக்கும் காசா மதேரோ 1597-ஆம் ஆண்டுவரை வேர் உள்ளது, அமெரிக்கக் கண்டங்களிலேயே பழைய ஒயினாலை. பாஹா கலிஃபோர்னியாவின் குவாதலூப்பே பள்ளத்தாக்கிலிருந்தும் நிறைய வருகிறது. ஆனால் அந்தச் சூட்டு நிலத்துச் சிவப்புகள் 13.5, 14 என்று ஏறித்தான் வரும். அங்கிருந்து வாங்குவதானால் ஷெனின் பிளாங்க் கலந்த வெள்ளையைக் கேளுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

கடைக்காரரை: இரண்டு பாட்டில் மாற்றியும் சரிவரவில்லையென்றால் மூன்றாவதைக் குருட்டாம்போக்கில் வாங்காதீர்கள். ஒயினுக்கென்றே இருக்கும் கடைக்குப் போய், சரிவராத இரண்டு லேபிள்களின் படத்தையும் போனில் காட்டுங்கள். "டாக்கோவுக்கு ஒயின் வேண்டும்" என்றால் அவர் கைக்கு எட்டுவதை எடுத்துக் கொடுப்பார். "செரானோ சல்சா, எலுமிச்சை நிறைய, 12 சதவீதத்துக்குக் கீழே, ஓக் வேண்டாம், கொஞ்சம் இனிப்பு இருக்கலாம், 18 டாலருக்குள்" என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து உள்ளே போய்த் தேடுவார். கெட்டுப்போன பாட்டிலை மாற்றித் தருவது கடைக்குக் கடை, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சொம்மெலியேவை (ஒயின் தேர்ந்து சொல்லும் நிபுணர்): அறுபது எழுபது பேர் வரும் நிச்சயதார்த்தம், பிறந்தநாள் விருந்து என்றால் மட்டும். மெனுவை அல்ல, சமைத்த சல்சாவைச் சின்ன டப்பாவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மருத்துவரை: ஒயின் குடித்ததும் மூச்சு இழுத்தால், முகமோ உதடோ வீங்கினால் அது ஒத்துவராத ஒயின் இல்லை, உடனே அவசர உதவியைக் கூப்பிட வேண்டிய விஷயம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒயினில் இருக்கும் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது. அமெரிக்க லேபிளில் "சல்ஃபைட் உள்ளது" என்ற வரி இருக்கும், பார்த்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு எரிந்து ராத்திரி தூக்கம் போகிறதென்றால், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவரென்றால், அடுத்த பாட்டிலுக்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவரைக்கும் செம்பருத்திச் சர்பத் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.